மூணு ஷிப்ட் சாப்பிட்ட தொட்டி

நான் வெளிநாடு போனது ஒரே ஒரு தடவை. போன காரியம் மாட்டுச் சாணி.

இதை இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஹட்டனுக்கு மேலே எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வெளிநாடு போனவர்கள் எல்லாரும் வீட்டு வேலைக்கோ டிரைவர் வேலைக்கோ போனவர்கள். சாணி கலக்க இந்தியா போகிறேன் என்றால் அடுத்த கோயில் திருவிழா வரைக்கும் சிரிப்பார்கள். "அக்காவப் பாக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

பாக்கியம் அக்கா என் பெரியப்பா மகள். சின்னப் பிள்ளையில் பெரியப்பாவோடு கப்பலேறி இந்தியா போனவள். அந்தக் குடும்பம் ஊர் ஊராக அலைந்து நெய்வேலிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்த கலியபெருமாள் அத்தானுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார். டவுன்ஷிப்பை ஒட்டி முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டில் அக்கா மெஸ் நடத்துகிறாள். கான்ட்ராக்ட் தொழிலாளர்கள்தான் சாப்பிட வருகிறவர்கள். மெஸ்ஸுக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் மூன்று மாடுகள், மாடுகளுக்குப் பின்னால் அந்தத் தொட்டி.

"மச்சான், டிரம்மு நல்லா மேல ஏறுது. அடுப்புதான் பத்த மாட்டேங்குது" என்று அத்தான் போனில் சொன்னார். "நீ பதினாறு வருசமா எரிச்சிகினு இருக்கியாமே. ஒரு தடவ வந்து பாரு."

பதினாறு வருடமாக எரிப்பது உண்மைதான். எங்கள் தோட்டத்து மாட்டுப்பட்டியில் சாண எரிவாயுத் தொட்டி கட்ட வந்தவர்கள், மூடியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கட்டினவர்கள் போய்விட்டார்கள். மூடியைப் பிடித்த நான் மட்டும் மிஞ்சினேன். அன்றிலிருந்து அது என் பொறுப்பு. படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அதற்கு மேல் நான் கற்றது எல்லாம் அந்தத் தொட்டியிடம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சத்தமாகச் சொல்ல வராமல் அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து திரும்பி வந்திருக்கிறேன். ஐம்பத்தோரு வயதிலும் அப்படித்தான்.

நெய்வேலியில் இறங்கினதும் முதலில் தெரிந்தது வெயில். எங்கள் ஊரில் வெயில் வந்தால் பாயை எடுத்து வெளியே போடுவோம். இங்கே வெயில் வந்தால் ஆட்கள் பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். டவுன்ஷிப் சாலைகள் எங்கள் துரை பங்களா சாலை மாதிரி, இரண்டு பக்கமும் மரம் வைத்து, நேராக, சுத்தமாக இருந்தன. மரங்களில் பலாப்பழம் தொங்கியது. வீடுகளுக்கு வீட்டுப் பெயர் இல்லை, நம்பர்தான். லயத்தில் பிறந்தவனுக்கு அது மட்டும் பழகின விஷயமாக இருந்தது.

அத்தான் ஸ்கூட்டரில் கூட்டிப் போகும்போது வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் வண்டியை நிறுத்தினார். "நம்ம மச்சான். சிலோன்லேர்ந்து வந்திருக்காரு. கேஸ் எக்ஸ்பர்ட்." எல்லாரும் கை கொடுத்தார்கள். நான் எக்ஸ்பர்ட் இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அத்தான் அடுத்த ஆளிடம் வண்டியை நிறுத்தியிருந்தார்.

மெஸ்ஸில் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். கண்ணைத் துடைத்த கையோடு டீ கொடுத்தாள். "தேயில ஊர்க்காரன் சொல்லு, எப்பிடிடா இருக்கு?" என்றாள். எங்கள் பேக்டரியில் கூட்டி அள்ளிக் கொட்டுகிற தூளைப் பாலில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் எப்படியோ அப்படி இருந்தது. "நல்லா இருக்குக்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தையால் இருபத்து மூன்று நாளும் தினம் ஆறு டம்ளர் குடித்தேன்.

தொட்டியை மறுநாள் காலையில்தான் பார்த்தேன். உண்மையில் முதலில் மூக்குதான் பார்த்தது. அழுகின முட்டையும் புளித்த இட்லி மாவும் சேர்ந்த வாடை. சிமென்டுத் தொட்டிக்குள் பெரிய டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். உள்ளே வாயு சேரச் சேர டிரம் மேலே ஏறும். அது இடுப்பளவு ஏறி நின்றது. அதற்கு முன்னால் மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். ஒருவர் அத்தான். இன்னொருவர் தெய்வசிகாமணி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பாய்லரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மூன்றாவது ஏழுமலை, உள்ளூர்க்காரர், அத்தானோடு கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவர். மூன்று பேருக்கும் தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

"பாத்துக்கோ மச்சான்" என்று அத்தான் குழாயைத் திறந்து தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. யாரோ உள்ளே இருந்து ஊதி அணைக்கிற மாதிரி இருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு போடுறீங்க?" என்று கேட்டேன்.

அத்தான் ஒரு பெரிய நோட்டை நீட்டினார். கட்டம் போட்ட நோட்டு. தேதி, ஷிப்ட், வாளி, ஆபரேட்டர், குறிப்பு. ஏ ஷிப்ட் கலியபெருமாள், இரண்டு வாளி. பி ஷிப்ட் தெய்வசிகாமணி, இரண்டு வாளி. சி ஷிப்ட் ஏழுமலை, இரண்டு வாளி. மிச்சச் சோறு, சாம்பார், எலுமிச்சை சாதம், பலாப்பழச் சக்கை, சாணி. நான்கு மாதமாக ஒரு ஷிப்ட்கூடத் தவறவில்லை. ஏழுமலை விடியற்காலையில் வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார், மழை பெய்த நாளிலும்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இந்தத் தொட்டிக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். நாம் போடுவதைத் தின்று அவை விடுகிற மூச்சுதான் அடுப்பில் எரிகிறது. இந்த அளவுத் தொட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி போதும். ஆறு வாளி போட்டால் தின்ன முடியாமல் உள்ளே எல்லாம் புளித்துப் போகும். புளித்த வாயு டிரம்மைத் தூக்கும், ஆனால் எரியாது. மாட்டுக்கு வயிறு உப்புவது மாதிரிதான். உப்பின வயிற்றைப் பார்த்துவிட்டு இவர்கள் நான்கு மாதமாகப் பெருமைப்பட்டிருக்கிறார்கள்.

இதை மூன்று ஹெல்மெட்டுகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"கொஞ்சம்... ஜாஸ்தியோ?" என்றேன்.

"ஜாஸ்தியா?" தெய்வசிகாமணி சிரித்தார். "பாய்லருக்குக் கரி போடுறத நிறுத்துனா என்னாவும் தம்பி? பெல்ட்டு ஓடிக்கிட்டே இருக்கணும்லா."

பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த வடநாட்டுத் தொழிலாளி ஒருவர் தன் கூட்டாளியிடம் இந்தியில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று அக்காவிடம் கேட்டேன். "நமக்கு ரெண்டு வேளதான் சோறு, இந்தத் தொட்டிக்கு மூணு வேளன்றான். தெனமும் அதத்தான் சொல்றான், தெனமும் சிரிக்கிறானுங்க."

மத்தியானம் சாப்பாடு போடும்போது அக்கா விஷயத்தை உடைத்தாள். "நீ கெளம்புறதுக்கு மொத நாளு ஜேசிபி வருதுடா. சொல்லிட்டேன். அதுக்குள்ள எரிஞ்சா எரியட்டும். இல்லன்னா குழிய மூடி வாழக்கன்னு வைக்கப் போறேன். நாத்தம் தாங்காம பத்து பேரு வேற மெஸ்ஸுக்குப் போயிட்டான்."

அத்தான் ரசத்தைக் குடித்து முடித்தார். அவர் எழுந்து போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "முப்பத்தஞ்சு வருசம் மூணு ஷிப்டும் பாத்த மனுசன்டா. ரிட்டையர் ஆனதுலேர்ந்து தூக்கமே இல்ல. திடுதிப்புனு எழுந்து சட்டைய மாட்டிக்கினு வாசல்ல நிப்பாரு, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி. இந்தத் தொட்டி வந்தப்பறம்தான் அது நின்னுது. மூடுனா திரும்பவும் வாசல்ல போயி நிப்பாரோன்னு இருக்கு. மூடலன்னா மெஸ்ஸு போயிடும். நீதான் என்னாவாச்சும் பண்ணணும்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

சாயங்காலம் டவுன்ஷிப் பூங்காவில் ரிட்டையர் ஆனவர்கள் உட்காரும் இடத்துக்கு அத்தான் என்னைக் கூட்டிப் போனார். அங்கே மதுரைப் பேச்சு, கோயம்புத்தூர்ப் பேச்சு, நாகர்கோவில் பேச்சு எல்லாம் ஒரே பெஞ்சில் இருந்தது.

"சார் என்ன படிச்சிருக்கீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

நான் ஐந்து விரலைக் காட்டுவதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "அவரு பிராக்டிகல் சைடுங்க."

"உங்க யூனிட்டு எத்தனை மெகாவாட்?"

எனக்குத் தெரிந்த கணக்கைத்தான் சொல்ல முடியும். "காலையில பதினொரு ரொட்டி, ஒரு கேத்தல் தண்ணி" என்றேன்.

கண்ணாடி போட்ட ஒருவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ரொட்டி என்ன சைஸுங்க?"

அந்தப் பெஞ்சில்தான் எனக்கு வழி கிடைத்தது. பழைய கதை பேசும்போது ஒருவர், மின்சார யூனிட்டை வருடத்துக்கு ஒரு தடவை ஓவர்ஹாலுக்கு எடுப்பதைச் சொன்னார். முழுசாக நிறுத்திப் போட்டுவிடுவார்களாம். நாள்கணக்கில் ஒன்றும் ஓடாதாம். ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டார்களாம். "அப்பதான்யா வேலையே ஜாஸ்தி" என்றார். அத்தானின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணக் கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத தைரியத்தில், அவர் முதுகிடம் சொன்னேன். "அத்தான், தொட்டிய ஓவர்ஹாலுக்கு எடுப்போம்."

வண்டி நின்றது. "எத்தன நாளு?"

"பதினஞ்சு நாளாவது. உள்ள ஒண்ணும் போடக் கூடாது."

"பர்மிட் போடணும்" என்றார் அத்தான். குரலே மாறியிருந்தது. பட்டினி போடணும் என்று நான் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்.

மறுநாள் தொட்டிக்கு மேல் அட்டை தொங்கியது. 'ஓவர்ஹால் நடைபெறுகிறது. யாரும் வாளியுடன் வரக் கூடாது.' மூன்று பேரும் உள்ளே இருந்த சாணிக் கூழில் பாதியை வெளியே அள்ளினார்கள். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ரோட்டோரம் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தார்கள். அன்றைக்கு மெஸ்ஸில் பாதி சாம்பார் மிஞ்சியது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஜேசிபி தெரிந்தது.

இனி வேண்டியது உறை. பாலுக்கு உறைமோர் மாதிரி, நன்றாக எரிகிற தொட்டியிலிருந்து ஒரு கேன் கூழ் எடுத்து வந்து ஊற்ற வேண்டும். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் அத்தானின் சித்தப்பா மகன் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. ஸ்கூட்டரில் கேன் வைக்க இடம் போதாது என்று பஸ்ஸில் போனோம். அந்த வீட்டு அம்மா எங்களுக்கு மீன் குழம்பு ஊற்றினார், அதே எரிவாயுவில் வைத்தது. எதற்கு வந்தோம் என்று தெரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. "உறை கேட்டு வந்தவங்கள வெறுங்கையா அனுப்பக் கூடாதுங்க" என்று கேன் நிறையக் கூழ் மொண்டு ஊற்றி, அதன்மேல் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தார்.

அத்தான் கேனின் மூடியை இறுக்கித் திருகி, அதற்கு மேல் சைக்கிள் டியூபை நான்கு சுற்றுச் சுற்றினார். "மைன்ஸ்ல எதையும் லூஸா வைக்கக் கூடாது மச்சான். சேஃப்டி."

அது தப்பு. உள்ளே இருப்பது மூச்சு விடும். இறுக்கக் கூடாது. சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் அந்த மூடியை அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தார்.

பஸ்ஸில் கூட்டம். கேனை டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் சூட்டில் வைக்கச் சொன்னார்கள்.

"என்னாங்க கேன்ல?" என்றார் கண்டக்டர்.

"உறை" என்றார் அத்தான்.

"தயிருக்கா?"

"அந்த மாதிரிதான்."

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கேனின் வயிறு லேசாக உப்ப ஆரம்பித்தது. நான் மட்டும்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைத் தளர்த்த வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். அதே பழைய வியாதி. பத்து தலைகளைத் தாண்டிச் சத்தம் போட வேண்டும். அடுத்த நிறுத்தம் வந்ததும் சொல்லலாம் என்று பார்த்தேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கேனே சொல்லிவிட்டது.

பட்டாசு மாதிரி இல்லை, பெரிய ஏப்பம் மாதிரி ஒரு சத்தம். மூடி கூரையில் பட்டு டிரைவர் மடியில் விழுந்தது. கூழ் எங்கே போனது என்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பழத்தட்டு வைத்திருந்த ஒருவர் பச்சையாக எழுந்து நின்றார்.

"பொண்ணு பாக்கப் போறேன்யா நானு!" என்று அலறினார்.

"சாணிதாங்க. நல்ல சகுனம்" என்றார் அத்தான்.

கண்டக்டர் விசில் ஊதினார். இறங்கணும் என்று சொல்லாமலே இறக்கிவிடப்பட்டது அன்றைக்குத்தான். பாதிக் கேன் மிச்சம் இருந்தது. அதை மூடியில்லாமல் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு நடந்தோம். எந்த ஆட்டோவும் எங்கள் பக்கத்தில் நிற்கவில்லை. வழியில் தூரத்தில் சுரங்கத்து மண்மேடு மலை மாதிரி தெரிந்தது. எங்கள் ஊர் மலை பச்சை, இது சாம்பல். அத்தான் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அந்த மேட்டுக்கு அந்தாண்டதான் எங்க கொல்ல நெலம் இருந்துது. முந்திரியும் கம்பும். அத மைன்ஸுக்குக் குடுத்துட்டுதான் வேலையில பர்மனென்ட் ஆனேன்." கையில் ஒட்டியிருந்த கூழைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்பறம் நம்ம கையால ஒண்ணும் வெளையல மச்சான். எல்லாம் தோண்டுனதுதான்."

பிறகு கேனை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். ஏன் ஆறு வாளி போட்டார் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

உறை ஊற்றியாயிற்று. இனிக் காத்திருக்க வேண்டியதுதான். எனக்குக் காத்திருக்கத் தெரியும். அவர்களுக்குத் தெரியவில்லை. ஏழுமலை தினமும் வந்து அட்டையைத் துடைத்தார். தெய்வசிகாமணி டிரம்மைச் சுற்றி வந்து காது வைத்துக் கேட்டார். "ஒரு சத்தமும் இல்லையே வே" என்று கவலைப்பட்டார். எட்டாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. குறைந்திருந்த புளிப்பு வாடை திரும்பவும் தூக்கியது. யாரோ உள்ளே எதையோ போட்டிருக்கிறார்கள். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று காலை முழுக்கத் தவித்தேன். பிறகு நோட்டைத் திறந்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

'ஓவர்ஹால் எட்டாம் நாள். ஏ ஷிப்ட். சாம்பார் சாதம் அரை வாளி. ஆபரேட்டர்: கலியபெருமாள். குறிப்பு: மனசு கேட்கவில்லை.'

திருட்டுத்தனமாகப் போட்டிருக்கிறார். ஆனால் எழுதாமல் இருக்க அவரால் முடியவில்லை. கையெழுத்தும் போட்டிருந்தார்.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "மெமோ குடுத்துடு மச்சான்" என்றார்.

"வேணாம் அத்தான். வாளிய மட்டும் குடுங்க."

வாளியை நான் படுக்கிற கட்டிலுக்கு அடியில் வைத்து அறையைப் பூட்டினேன். அன்றிலிருந்து அந்த அறையில் படுக்க என்னைத் தவிர யாரும் முன்வரவில்லை.

ஓவர்ஹாலின் பதினைந்தாம் நாள் தொட்டிக்குள் இருந்த பழைய வாயு முழுவதையும் திறந்துவிட்டேன். இடுப்பளவு நின்ற டிரம் மெல்ல இறங்கிக் கூழோடு ஒட்டிப் படுத்துவிட்டது. அதுவரை அதன் உயரத்தைத்தான் அவர்கள் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது காட்ட ஒன்றும் இல்லை. ஏழுமலை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், எழவு வீட்டில் நிற்கிற மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு சின்ன டின் அளவு சாணி மட்டும் கரைத்து ஊற்றினேன். டிரம் பதினாறாம் நாளும் அசையவில்லை. பதினேழாம் நாளும் அசையவில்லை. பதினெட்டாம் நாள் அக்கா ஜேசிபிக்காரனுக்குப் போன் செய்து நேரம் கேட்டாள். அன்று காலை பால் கறக்க எழுந்தபோது வாசலில் அத்தான் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். கையில் டிபன் பாக்ஸ் இல்லை. அதுதான் குறை.

இருபதாம் நாள் காலையில் டிரம் ஒரு சாண் ஏறியிருந்தது. முக்கியமாக, வாடை மாறியிருந்தது. புளிப்பு போய், எங்கள் பட்டி மண்ணின் மணம் வந்திருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். எரியாவிட்டால்? பால் கறக்கப் போய்விட்டேன்.

பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. வாசலில் மஞ்சளாக நின்று உறுமியது. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு வந்து நின்றார்கள். அடுப்பை வீட்டுக்குள் வைக்க அக்கா விட்டதே இல்லை, அதனால் அது முற்றத்தில், நடு வெயிலில் இருந்தது. பக்கத்தில் முறத்தில் அப்பளம் காய்ந்தது.

அத்தான் ஹெல்மெட் போட்டுக்கொண்டார். குழாயைத் திறந்தார். குச்சியைக் கிழித்து அடுப்பில் வைத்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. குச்சி கருகிக் கீழே விழுந்தது. இன்னொரு குச்சி எடுக்கவில்லை. நான்கு மாதமாகக் குச்சி கிழித்த மனிதர், தீப்பெட்டியை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிது" என்றார். "பாக்கியம், அவனத் தோண்டச் சொல்லு."

ஜேசிபி டிரைவர் லீவரை நகர்த்தினான். வாளி மேலே எழுந்தது. அதுவும் வாளிதான்.

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு மேலே காற்று நடுங்கியது. எதிரே நின்ற தெய்வசிகாமணியின் வேட்டி தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி நெளிந்தது. நல்ல சாண வாயு நீலமாக எரியும். எங்கள் ஊர் மூடுபனியில், இருண்ட சமையல் கட்டில், அந்த நீலத்தை நான் பதினாறு வருடம் பார்த்திருக்கிறேன். நெய்வேலி வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. இது எரிகிறது. எரிகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்ல வேண்டும். ஜேசிபி சத்தத்தைத் தாண்டி, முப்பது பேர் முன்னால். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

வாய்தான் வரவில்லை, கை வந்தது. முறத்திலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்து அடுப்புக்கு மேலே இரும்பு வளையத்தில் வைத்தேன்.

அப்பளம் ஒரு நிமிடம் சும்மா கிடந்தது. பிறகு ஓர் ஓரம் சுருண்டது. நடுவில் கொப்புளம் எழுந்தது. இன்னொன்று எழுந்தது. வெள்ளையாகப் பொரிந்து, ஓரம் கருகி, முற்றம் முழுக்க வாசனை வந்தது.

முதலில் கத்தியது அக்கா. "யோவ்! எரியுதுய்யா! நிறுத்துடா வண்டிய!"

அத்தான் திரும்பினார். கையை நீட்டினார். சுட்டது. கையை உதறிக்கொண்டு, சுட்ட விரலை எல்லாரிடமும் காட்டினார். தெய்வசிகாமணியும் நீட்டிச் சுட்டுக்கொண்டார். ஏழுமலையும் சுட்டுக்கொண்டார். சுட்டுக்கொள்ளாதவர் யாரும் மிஞ்சக் கூடாது என்பது போல வடநாட்டுக்காரர்களும் வரிசையில் வந்தார்கள். அவர்களில் தினமும் சிரிக்கிறவர் ஏதோ சொன்னார். அக்கா சிரிப்பும் கண்ணீருமாகச் சொன்னாள். "மூணு வேள தின்ன தொட்டி இப்பதான் நமக்குச் சமைச்சிப் போடுதுன்றான்."

வந்ததற்கு மரியாதையாக ஜேசிபி டிரைவருக்கு அந்த அடுப்பிலேயே டீ போட்டுக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று. அதே தூள், அதே அரை மணி நேரக் கொதி. ஆனால் அன்றைக்கு மட்டும் "நல்லா இருக்குக்கா" என்றது பொய்யில்லை.

கிளம்பும் நாள் காலையில் அத்தான் புது நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கையாலேயே கட்டம் போட்டிருந்தார். "உன் தொட்டிக்கு" என்றார். பிறகு தயங்கினார். முப்பத்தைந்து வருடம் ஷிப்ட் பார்த்தவர், ஐந்தாம் வகுப்புக்காரனிடம் கேட்டார். "ஒரு வாளின்னா ஏ ஷிப்ட்லயே முடிஞ்சிடும். அப்பறம் பி ஷிப்டும் சி ஷிப்டும் என்னா மச்சான் பண்றது?"

"அது ரெண்டும் உள்ள இருக்கிறதோட ஷிப்ட் அத்தான். அது வேல செய்யட்டும். நீங்க விட்டுடுங்க" என்றேன். வெளிநாட்டில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அவர் கொடுத்த நோட்டில் குறிப்பு என்ற கட்டம் பெரிதாக இருந்தது. எனக்கு எழுத வேறு விஷயம் இல்லாததால் இந்தப் பயணத்தை அதில்தான் எழுதினேன். அதைப் படித்த என் மனைவி லெட்சுமி சொல்லி, இப்போது தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் மேல் லயத்தில் இரண்டு பேர் தொட்டி கட்ட வேண்டும், வந்து மூடியைப் பிடி என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

அத்தான் வாரம் ஒரு தடவை தன் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறார். முதல் சில வாரம் பி, சி கட்டங்கள் காலியாக வந்தன. காலிக் கட்டம் அவரை எவ்வளவு உறுத்தும் என்று எனக்குத் தெரியும். போன வாரம் வந்த பக்கத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

'ஏ ஷிப்ட்: ஒரு வாளி. பி ஷிப்ட்: சும்மா இருந்தேன். சி ஷிப்ட்: தூங்கினேன்.'